தொழில் தொடங்க ஆசைப்படும் மாணவர்களும் தேவையான குணங்களும்

 

  

ஜுமுஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு வாருங்கள் என்று கட்டளையிட்ட அல்லாஹு தஆலா, அதற்கு அடுத்த வசனத்திலேயே, தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று தன் அருளைத் தேடும்படி சொல்கிறான் (திருக்குர்ஆன் 62:10). தேடும்போதும் தன்னை அதிகமாக நினைவுகூரும்படி சொல்கிறான். தொழுகையும் தொழிலும் ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து வருகின்றன. ஆகவே பள்ளிவாசலில் வியாபாரத்தைப் பற்றிப் பேசுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

நம் வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. கையில் ஃபைலோடு அந்த வழியாகப் போகும் இளைஞர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். படிப்பு முடியப்போகிற பிள்ளையிடம் அடுத்து என்ன என்று கேட்டால் அரசு வேலை, சென்னை கம்பெனி, வெளிநாடு என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஆனால் சில பிள்ளைகள், "நான் சொந்தமாகத் தொழில் செய்யப் போகிறேன்" என்கிறார்கள். அன்றிலிருந்து வீட்டில் சண்டை. "உனக்கெல்லாம் வியாபாரம் சரிப்பட்டு வராது, நீ வாயில்லாப் பூச்சி" என்கிறார் அத்தா. "துணிஞ்சு இறங்கினால்தான் ஜெயிக்க முடியும், உங்களுக்கு தைரியம் இல்லை" என்கிறான் பிள்ளை.

கவனித்தீர்களா? இருவரும் பேசுவது பணத்தைப் பற்றி இல்லை, குணத்தைப் பற்றி. வியாபாரிக்கு வாய் வேண்டும் என்கிறார் ஒருவர், துணிச்சல் வேண்டும் என்கிறார் மற்றவர். உண்மையில் என்ன குணம் வேண்டும்? இந்தக் கேள்விக்கு மார்க்கமும் பதில் சொல்லியிருக்கிறது, ஆய்வாளர்களும் பதில் தேடியிருக்கிறார்கள். இரண்டையும் பார்ப்போம்.

ஆசையைத் தரும் குணம், வெற்றியைத் தரும் குணம்

மனிதனின் குணங்களை உளவியலாளர்கள் ஐந்து பெரிய பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வும் ஒழுங்கும், கலகலப்பு, பிறரோடு இணங்கிப் போகும் தன்மை, பதற்றப்படாத மன உறுதி. இந்த ஐந்தும் தொழில் தொடங்கும் ஆசையோடு எப்படிச் சேர்கின்றன என்று உலகின் பல நாடுகளில் மாணவர்களையும் தொழில் செய்பவர்களையும் வைத்து ஆய்வுகள் நடந்துள்ளன. அப்படிப்பட்ட பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து ஹாவோ ஜாவோ, ஸ்காட் சீபர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2006ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிறகு லம்ப்கின் என்பவரையும் சேர்த்துக்கொண்டு 2010ல் இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள்.

2006ல் அவர்கள் கண்டது, நிறுவனங்களில் மேலாளராக வேலை செய்பவர்களையும் சொந்தத் தொழில் செய்பவர்களையும் ஒப்பிட்டால், பெரிய வித்தியாசம் பொறுப்புணர்வில்தான் தெரிகிறது. சொந்தத் தொழில் செய்பவர்களிடம் அது அதிகம். கலகலப்பில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

2010ல் கண்டதை ஒவ்வொரு மாணவரும் மனதில் எழுதி வைக்க வேண்டும். ரிஸ்க் எடுக்கத் துணியும் குணம் உள்ளவர்களுக்குத் தொழில் தொடங்கும் ஆசை அதிகம் இருக்கிறது. ஆனால் தொடங்கிய தொழில் நன்றாக நடப்பதற்கும் அந்தத் துணிச்சலுக்கும் தொடர்பு தென்படவில்லை. பொறுப்புணர்வும் புதியதை ஏற்கும் மனமும் ஆசைக்கும் துணை நிற்கின்றன, தொழில் நடப்பதற்கும் துணை நிற்கின்றன.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த ஐந்து குணங்களையும் ஒன்றாகக் கூட்டினாலும் அவற்றின் பங்கு நடுத்தரமானதுதான். முதல், சந்தை, குடும்பத்தின் துணை, காலம் என்று மற்ற காரணங்கள் நிறைய உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே அல்லாஹ்வின் நாட்டம் இருக்கிறது. ஆகவே குணத்தை வைத்து யாருக்கும் ஜாதகம் எழுத முடியாது.

சகோதரர்களே! துணிச்சல் ஆளைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்து விடும். கடையைத் தினமும் திறக்க வைப்பதும், கணக்கு எழுத வைப்பதும், சொன்ன தேதியில் சரக்கைக் கொடுக்க வைப்பதும் பொறுப்புணர்வு. இந்தப் பொறுப்புணர்வுக்கு நம் மார்க்கத்தில் ஒரு பழைய பெயர் உண்டு. அது அமானத்.

குர்ஆன் கேட்கும் தகுதி

மூஸா (அலை) அவர்கள் மத்யன் ஊரில் ஒதுங்கிய நேரத்தில், அங்கிருந்த பெரியவரின் மகள் தன் தந்தையிடம் அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி சொல்கிறார். அதற்கு அவர் சொன்ன காரணம் இரண்டு குணங்கள்: வலிமையும் நம்பகத்தன்மையும் (28:26). யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்து மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்கிறார்கள். அதற்குத் தம்மிடம் இருப்பதாகச் சொன்னதும் இரண்டு குணங்கள்: பாதுகாக்கும் தன்மையும் விஷய ஞானமும் (12:55).

இரண்டு இடத்திலும் ஒரு திறமையும் ஒரு நேர்மையும் ஜோடியாக வருகின்றன. நேர்மையானவன், ஆனால் தொழில் தெரியாது என்றால் முதல் கரைந்துவிடும். தொழில் தெரியும், ஆனால் நேர்மை இல்லை என்றால் அடுத்தவர் முதல் கரைந்துவிடும்.

நபி (ஸல்) அவர்கள் நுபுவ்வத்துக்கு முன்பு வியாபாரம் செய்தவர்கள். கதீஜா (ரலி) அவர்கள் தம் சரக்கை ஷாம் தேசத்துக்குக் கொண்டுபோக அவர்களைத் தேர்ந்தெடுத்தபோது, மக்காவில் அவர்களுக்கு இருந்த பெயர் அல்அமீன். அவர்களிடம் பெரிய முதல் கிடையாது. முதல் கதீஜா (ரலி) அவர்களுடையது, உழைப்பு நபி (ஸல்) அவர்களுடையது. நம்பிக்கைக்குரியவர் என்ற பெயர்தான் அந்த முதலை அவர்களிடம் கொண்டுவந்தது. முதல் இல்லையே என்று கவலைப்படும் மாணவரே, உங்கள் தெருவில் உங்களுக்கு என்ன பெயர் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

கடைத்தெருவைக் காட்டுங்கள்

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் ஹிஜ்ரத் செய்து வெறுங்கையோடு மதீனாவுக்கு வந்தார்கள். அன்சாரிகளில் செல்வந்தரான ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் அவருக்குச் சகோதரராக ஆக்கினார்கள். தம் சொத்தில் பாதியைத் தர ஸஅத் முன்வந்தார். அப்துர் ரஹ்மான் அதை ஏற்கவில்லை, துஆ செய்துவிட்டு இங்கே வியாபாரம் நடக்கும் சந்தை எது என்று கேட்டார்கள். கைனுகா சந்தையைக் காட்டினார்கள். மறுநாளே போய்ப் பாலாடைக்கட்டியும் நெய்யும் கொண்டுவந்தார்கள். தொடர்ந்து சந்தைக்குப் போனார்கள். கொஞ்ச காலத்தில் மஹர் கொடுத்துத் திருமணம் முடிக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள் (புகாரி 2048).

இதில் மாணவர்களுக்கு மூன்று பாடங்கள். ஒன்று, புதிய ஊரில் என்ன விற்கிறது, யார் வாங்குகிறார்கள் என்று முதலில் பார்க்கும் மனம். இரண்டு, பாலாடைக்கட்டி, நெய் என்று சிறிய சரக்கில் தொடங்கக் கூச்சப்படாத தன்மை. மூன்று, மறுநாளும் போனார்கள், அதற்கு மறுநாளும் போனார்கள். நம் பிள்ளைகள் பலர் முதல் இரண்டையும் செய்து, மூன்றாவதில் நின்றுவிடுகிறார்கள்.

உர்வா அல்பாரிக்கி (ரலி) அவர்களின் சம்பவமும் அழகானது. நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனாரைக் கொடுத்து ஓர் ஆடு வாங்கி வரச் சொன்னார்கள். அவர் அந்தப் பணத்தில் இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றுவிட்டு, ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய வியாபாரத்தில் பரக்கத்துக்காக நபி (ஸல்) அவர்கள் துஆ செய்தார்கள். அதன் பிறகு மண்ணை வாங்கினாலும் லாபம் வரும் என்று சொல்லும் அளவுக்கு அவர் இருந்தார் (புகாரி 3642). சந்தையில் மற்றவர் கவனிக்காத விலை வித்தியாசத்தைக் கவனிப்பது ஒரு குணம். கிடைத்த லாபத்தை மறைக்காமல் முதல் கொடுத்தவரிடம் அப்படியே வைப்பது இன்னொரு குணம். துஆ இரண்டும் சேர்ந்த இடத்தில் கிடைத்தது.

மென்மையும் வேண்டும், எழுத்தும் வேண்டும்

வாயில்லாப் பூச்சியான பிள்ளை வியாபாரம் செய்ய முடியுமா என்று கேட்கும் பெற்றோரே! கலகலப்பு உதவும், மறுக்கவில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் வியாபாரமே இல்லை என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. அதிகம் பேசாத பிள்ளை, வாங்க வந்தவர் சொல்வதைக் கூர்ந்து கேட்பான். கேட்டதைச் சரியாகக் கொடுப்பான். அதுவும் வியாபாரம்தான்.

கவனிக்க வேண்டியது வேறொரு குணம். "இல்லை" என்று சொல்லத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். நண்பன் கேட்டால் கடன், மாமா கேட்டால் கடன். ஆறு மாதத்தில் கடை காலி. விற்கும்போதும் வாங்கும்போதும் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும்போதும் மென்மையாக நடப்பவருக்கு அல்லாஹ்வின் ரஹ்மத் கிடைக்க நபி (ஸல்) அவர்கள் துஆ செய்திருக்கிறார்கள் (புகாரி 2076). அந்த மென்மை நமக்கு வேண்டும். அதே மார்க்கத்தில்தான் குர்ஆனின் மிக நீளமான வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சியும் வைக்கும்படி சொல்கிறது (2:282). பேச்சு மென்மையாக இருக்கட்டும், கணக்கு எழுத்தில் இருக்கட்டும்.

நம் ஊரின் சோதனை

திருவண்ணாமலை வியாபாரத்துக்கு ஏற்ற ஊர். பௌர்ணமி தோறும் வெளியூர் மக்கள் பெருங்கூட்டமாக வருகிறார்கள். கார்த்திகை மாதத்தில் சொல்லவே வேண்டாம். சாப்பாடு, தண்ணீர், ஆட்டோ, தங்கும் அறை எல்லாவற்றுக்கும் ஆள் தேவை. மாவட்டத்தைச் சுற்றிப் பார்த்தால் ஆரணியில் பட்டு, களம்பூரில் அரிசி, வயல்களில் மணிலா, ஜவ்வாது மலையில் தேனும் சாமையும் புளியும். ஒரு மாணவர் கண்ணைத் திறந்து பார்த்தால் சரக்குக்குப் பஞ்சமில்லை.

ஆனால் இதிலேயே ஒரு சோதனை இருக்கிறது. வெளியூர்க்காரர் இன்று வந்து இன்று போகிறவர். விலையைக் கூட்டிச் சொன்னாலும் நாளை வந்து கேட்க மாட்டார். பழைய சரக்கைத் தள்ளிவிட்டாலும் சண்டைக்கு வர மாட்டார். தெரிந்தவரிடம் நேர்மையாக இருப்பதற்குப் பயம் போதும். இனி வரவே போகாதவரிடமும் நேர்மையாக இருப்பதற்குத் தக்வா வேண்டும். அவர் எந்த மதத்தவர் என்பது இதில் கேள்வியே இல்லை. தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் இல்லை என்று எச்சரித்தார்கள் (முஸ்லிம்). வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் பரக்கத் உண்டு, மறைத்தால் பரக்கத் அழிந்துவிடும் என்பதும் நபிமொழிதான் (புகாரி 2079).

துணிச்சல் மட்டும் உள்ள பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பணம் போட்டால் மாதாமாதம் பெரிய வட்டி, ஆள் சேர்த்தால் கமிஷன், செல்போனில் விளையாடினால் இரட்டிப்பு என்று வருகிறவர்கள் முதலில் பிடிப்பது இவர்களைத்தான். நம் மாவட்டத்திலும் இப்படிப் பணத்தை இழந்து அழுத வீடுகள் உண்டு. சரக்கும் இல்லை, உழைப்பும் இல்லை, லாபம் மட்டும் உறுதி என்று சொன்னால் அது வியாபாரமே இல்லை. அல்லாஹ் வியாபாரத்தை ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கியிருக்கிறான் (2:275).

குணத்தைப் பழக்க முடியுமா?

"நான் பிறவியிலேயே சோம்பேறி ஹஜ்ரத், எனக்கு ஒழுங்கெல்லாம் வராது" என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. டேவிட் மெக்கிலேலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு, ஆந்திராவில் உள்ள காக்கிநாடா ஊரின் வியாபாரிகளை 1964ல் ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்துக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தது. பணம் கொடுக்கவில்லை, இயந்திரம் கொடுக்கவில்லை. இலக்கு வைப்பது, செய்ததைத் தாமே அளந்து பார்ப்பது, அளவான சவாலை எடுப்பது ஆகியவற்றைத்தான் பழக்கினார்கள். பிறகு போய்ப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்கள் மற்ற வியாபாரிகளை விட அதிகச் சுறுசுறுப்போடு புதிய முயற்சிகளில் இறங்கியிருந்தார்கள். வயது வந்து, கடை வைத்து, குடும்பம் நடத்துகிறவர்களின் பழக்கமே மாறுமென்றால் இருபது வயதுப் பிள்ளையின் பழக்கம் மாறாதா?

ஐந்து வேளைத் தொழுகையே நமக்குப் பெரிய பயிற்சி. ஃபஜ்ருக்கு எழுந்திருப்பவர் காலையில் கடை திறக்கச் சிரமப்பட மாட்டார். நேரம் தவறாமல் ஜமாஅத்துக்கு வருகிறவருக்கு, சொன்ன நேரத்துக்குச் சரக்கு கொடுப்பது பழகிய விஷயம்.

மூன்று மாதச் சோதனை

படிக்கும்போதே உங்களைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கடன் வாங்காமல், நஷ்டமானாலும் வீடு தாங்கக்கூடிய ஒரு சிறு தொகையை எடுங்கள். மூன்று மாதம், விடுமுறை நாட்களில் மட்டும், ஒரே ஒரு சரக்கை விற்றுப் பாருங்கள். ஒரு நோட்டில் தினமும் கணக்கு எழுதுங்கள்.

உதாரணத்திற்கு, மரச்செக்கு எண்ணெய் 20 லிட்டர் வாங்குகிறீர்கள். லிட்டர் 200 ரூபாய் என்றால் 4,000 ரூபாய். 240 ரூபாய்க்கு விற்கிறீர்கள். லிட்டருக்கு 40 வீதம் 800 ரூபாய் லாபம் என்று மனம் துள்ளும். பாட்டிலுக்கு 240, பெட்ரோலுக்கு 150 போனால் மிச்சம் 410. அதில் இரண்டு பேர் கடன் சொல்லி வாங்கிப் போனார்கள். அவர்கள் தர வேண்டியது 480. ஆக கையில் வந்தது 4,320, கையை விட்டுப் போனது 4,390. லாபம் என்று நினைத்தீர்கள், பையில் 70 ரூபாய் குறைகிறது. இந்த 70 ரூபாய் தரும் பாடம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது.

மூன்று மாதம் முடிந்ததும் லாபத்தை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை நாள் கணக்கு எழுதினேன்? எத்தனை முறை சொன்ன வாக்கைக் காப்பாற்றினேன்? குறையுள்ள சரக்கைக் குறை சொல்லி விற்றேனா? வியாபாரத்தால் தொழுகை தவறியதா? ஒரு வாரம் விற்காதபோது என் மனம் என்ன ஆனது? இந்த ஐந்துக்கும் பதில் எழுதுங்கள். உங்கள் குணம் நோட்டில் தெரியும். பிறகு அனுபவமுள்ள ஒரு வியாபாரியிடம் காட்டி மஷூரா செய்யுங்கள், இஸ்திகாரா தொழுங்கள்.

நஷ்டம் வந்தால்? பலமான முஃமின், பலவீனமான முஃமினை விட அல்லாஹ்வுக்கு விருப்பமானவர் என்று சொன்ன நபி (ஸல்) அவர்கள், பயன் தருவதில் ஆர்வம் கொள்ளுங்கள், அல்லாஹ்விடம் உதவி தேடுங்கள், இயலாமல் முடங்கிவிடாதீர்கள் என்றும் கற்றுத் தந்தார்கள். அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமே என்று புலம்புவது ஷைத்தானுக்கு வாசலைத் திறக்கும் என்றும் எச்சரித்தார்கள் (முஸ்லிம்). தவறைக் கணக்கில் கண்டுபிடித்துத் திருத்துங்கள். புலம்பலில் நாளைக் கழிக்காதீர்கள்.

பெற்றோரும் ஜமாஅத்தும்

ஒரு மாணவர் தொழில் தொடங்க நினைப்பதற்கு, தன்னைச் சுற்றியுள்ளவர்கள் அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நம் முன்னோர் இதில் குறை வைக்கவில்லை. தோல் வணிகத்தால் வளர்ந்த வாணியம்பாடியில் 1919ல் இஸ்லாமியாக் கல்லூரி வந்தது. ஜமால் முஹம்மது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் முன்னின்று 1951ல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியைத் தொடங்கினார்கள். கீழக்கரையில் 1927ல் பிறந்து வியாபாரத்தில் உயர்ந்த பி.எஸ்.அப்துர் ரஹ்மான், 1984ல் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரியை உருவாக்கினார். வியாபாரிகள் தம் பணத்தில் கல்லூரி கட்டிய சமுதாயத்தில், வியாபாரம் செய்கிறேன் என்று சொல்லும் பட்டதாரியைப் பார்த்துச் சிரிக்கலாமா? பெண் கேட்டுப் போனால், "மாப்பிள்ளை சொந்தக் கடைதானா?" என்று உதட்டைப் பிதுக்கலாமா?

பெற்றோரே, பிள்ளையைத் தடுப்பதற்கு முன் சோதித்துப் பாருங்கள். முழுச் சேமிப்பையும் தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம், மனதை உடைக்கவும் வேண்டாம். வேலைக்குப் போக விரும்பும் பிள்ளையை வியாபாரத்தில் தள்ளவும் வேண்டாம். ஹலாலான சம்பளமும் அல்லாஹ்வின் அருள்தான்.

மஹல்லாவில் உள்ள வியாபாரிகளே, விடுமுறையில் ஒரு மாணவரைக் கடையில் வைத்துத் தொழில் கற்றுக்கொடுங்கள். வசதி உள்ளவர்கள், சோதனையில் தேறிய பிள்ளைக்கு முளாரபா முறையில் முதல் கொடுங்கள். முதல் உங்களுடையது, உழைப்பு அவருடையது. லாபம் வந்தால் முன்பே பேசிய விகிதப்படி பங்கு. அவர் கவனக்குறைவோ மோசடியோ இல்லாமல் நஷ்டம் வந்தால் முதல் கொடுத்தவர் தாங்க வேண்டும், அவருக்கு அவர் உழைப்பு நஷ்டம். அரசின் உத்யம் பதிவு இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தொழில் பயிற்சிகளைப் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். மானியத் திட்டங்கள் பல வங்கிக் கடனோடு சேர்ந்தே வருவதால், கையெழுத்துப் போடும் முன் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இளைஞர்களே! உங்களிடம் ஆசை இருந்தால் அல்ஹம்துலில்லாஹ், அது நல்ல தொடக்கம். அந்த ஆசையோடு அமானத்தையும் ஒழுங்கையும் ஸபுரையும் இன்றே பழகத் தொடங்குங்கள். தன் கையால் உழைத்து உண்பதை விடச் சிறந்த உணவு இல்லை என்றும், தாவூத் நபி (அலை) அவர்கள் தம் கை உழைப்பில்தான் உண்டார்கள் என்றும் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது (புகாரி 2072).

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு ஹலாலான, பரக்கத்தான வாழ்வாதாரத்தைத் தருவாயாக! அவர்களின் நாவில் உண்மையையும் கையில் நேர்மையையும் உள்ளத்தில் உறுதியையும் தருவாயாக! வட்டியை விட்டும் மோசடியை விட்டும் எங்கள் அனைவரையும் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.